விதைநெல்லைக் காத்தல்: குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு முன் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி

(மகாவீரர் ஜயந்தி விழாவை ஒட்டிச் செஞ்சியில் நிகழ்ந்த மருத்துவ அறிவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பெரும்பாலும் இராசகிரியின் உச்சியையே அண்ணாந்து நோக்குகின்றனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே. ஆயினும் கோட்டையின் வலிமை மதிலில் மட்டும் இல்லை. கீழ்க்கோட்டையில் தடித்த சுவர்களோடு நிற்கும் களஞ்சியத்தைக் கண்டோர் அதனை உணர்வர். முற்றுகை வருமுன் தானியத்தைச் சேமித்த கோட்டையே முற்றுகைக்குப் பின்னும் நின்றது.

செஞ்சிச் சீமை நெல் விளையும் சீமை. இவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக நெல் வந்து குவிவதை அனைவரும் அறிவர். எவ்வளவு வறுமை வந்தாலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்பது உழவர் குடியின் கட்டளை. தென்மாவட்டங்களில் விதைநெல்லை வைக்கோல் பிரியால் சுற்றிக் கட்டிக் காப்பதற்குக் ‘கோட்டை கட்டுதல்’ என்றே பெயர். வெள்ளம் வருமுன், வறட்சி வருமுன் அந்தக் கோட்டை கட்டப்பட்டாக வேண்டும். வந்தபின் கட்டுவதற்கு விதை இராது.

இன்றைய பொருளும் அத்தகையதே. இரத்த நோய்களுக்காகக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெறவிருக்கும் சிறாரும் இளைஞரும், அச்சிகிச்சைக்கு முன்பாகவே தம் மகப்பேற்றுத் திறனைக் காத்துக்கொள்ள இயலுமா என்பது அது. இல்லங்களில் உரக்கப் பேசப்படாத பொருள் இது. பேசப்படாமையாலேயே பலர் இதனைக் காலங்கடந்து அறிகின்றனர். ஆகவே அவையில் பேசுவதே முறையாகும்.

மருந்தும் அறமே

சமண மரபு போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானமும் ஒன்று. உணவும் கல்வியும் அடைக்கலமும் எவ்வளவு உயர்ந்தனவோ, அவ்வளவு உயர்ந்தது நோய் தீர்க்கும் உதவி. இம்மரபின் தமிழ்ப் புலவர் கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ‘ஏலாதி’ என்றும், காரியாசான் தம் நூலுக்குச் ‘சிறுபஞ்சமூலம்’ என்றும் பெயரிட்டனர். முன்னது ஏலம் முதலிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயர். பின்னது ஐந்து சிறு வேர்களால் ஆகிய மருந்தின் பெயர். உடல் நோய்க்கு மருந்து எவ்வாறோ, உள்ளத்து நோய்க்கு அறம் அவ்வாறு என்று கருதிய மரபு இது. மருந்தே புதியதோர் இழப்பைத் தரும்போது அவ்வறம் என்ன சொல்லும் என்பதே இங்கு எழும் வினா.

குருத்தணு மாற்று என்பது யாது?

எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் ‘ஸ்டெம் செல்’ எனப்படும் குருத்தணுக்கள் உள்ளன. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய அனைத்தும் இவற்றிலிருந்தே தோன்றுகின்றன. தலசீமியா, அரிவாள் அணு நோய், மஜ்ஜை வறண்டுபோகும் இரத்தச் சோகை, சிலவகை இரத்தப் புற்றுநோய்கள் ஆகியவற்றில் குறை இருப்பது இம்மூலத்தில். எனவே மூலத்தையே மாற்றுகின்றனர். நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ அழித்து, பொருந்தும் கொடையாளியின் குருத்தணுக்களை இரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர். அவை எலும்பினுள் சென்று வேரூன்றிப் புதிய இரத்தத்தைப் படைக்கின்றன.

அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1950களில் தொடங்கிய இம்முயற்சிக்காக 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இச்சிகிச்சை தொடங்கியது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1986-இல் தொடங்கியது. செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி வழியே வேலூருக்கும், திண்டிவனம் வழியே புதுச்சேரி ஜிப்மருக்கும் பேருந்தில் சென்று சேரக்கூடிய தொலைவில் இத்தகைய உயர் சிகிச்சை இன்று கிடைக்கிறது.

இதன் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தலசீமியா பெருநோயுடன் பிறந்த குழந்தை, மாதந்தோறும் இரத்தம் ஏற்றியும் இளமையிலேயே மடிந்தது. இன்று உடன்பிறந்தாரின் குருத்தணு பொருந்தினால் அக்குழந்தை வளர்ந்து, படித்து, பணிக்குச் சென்று, மணம் புரியும் வயதை அடைகிறது. உயிர் காத்த வெற்றியின் பின்னரே, அவ்வுயிர் எத்தகைய வாழ்வை வாழும் என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வி எழுவதே மருத்துவம் வென்றதற்குச் சான்று.

அழிப்பது எதனை?

பழைய மஜ்ஜையை அழிக்கும் முன்னேற்பாட்டுச் சிகிச்சையில் புசல்ஃபான், சைக்ளோபாஸ்பமைடு முதலிய மருந்துகள் பயன்படுகின்றன. சிலருக்கு உடல் முழுதும் கதிர்வீச்சு தரப்படுகிறது. களையை எரிக்க மூட்டிய தீ, வரப்போரத்துச் செடியையும் பொசுக்குவதுபோல, இவை இனப்பெருக்க அணுக்களையும் தாக்குகின்றன.

பெண் குழந்தை பிறக்கும்போதே ஏறத்தாழ பத்து முதல் இருபது லட்சம் முட்டைக் கருவூலங்கள் அதன் சினைப்பைகளில் உள்ளன. பூப்பெய்தும் வயதில் அவை மூன்று, நான்கு லட்சமாகக் குறைகின்றன. பிறந்தபின் புதியவை தோன்றுவதில்லை. ஆகவே மருந்தால் அழிந்தவை அழிந்தவையே. அதிக அளவு புசல்ஃபான் அல்லது முழுவுடல் கதிர்வீச்சுப் பெற்ற சிறுமியருள் மிகப் பலருக்குச் சினைப்பை செயலிழக்கிறது. சிலர் தாமாகப் பூப்பெய்துவதில்லை. பூப்பெய்தியவர்க்கும் இருபது வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடக்கூடும்.

ஆண் குழந்தைக்கு நிலை சற்று வேறு. விந்தணுவைப் படைக்கும் மூல அணுக்கள் விதைப்பையில் இருந்தாலும், பருவமடைந்த பின்னரே விந்தணு உருவாகிறது. மூல அணுக்கள் அழிந்தால் பின்னர் விந்தணு தோன்றாது. இதில் ஒரு மயக்கம் உண்டு. மீசை அரும்பி, குரல் மாறி, உடல் வளர்ந்து, எல்லாம் இயல்பாக இருப்பதுபோல் தோன்றும். ஆண்மைச் சுரப்பைத் தரும் அணுக்கள் மருந்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வதே காரணம். குறை இருப்பது திருமணத்திற்குப் பின்னரே வெளிப்படும். அப்போது பழி பெரும்பாலும் மனைவிமீது விழும்.

எல்லா நோயாளருக்கும் ஒரே அளவு தீங்கு நேர்வதில்லை. மஜ்ஜை வறட்சிக்கு சைக்ளோபாஸ்பமைடு மட்டும் பெறும் இளையோர் பலருக்கு மகப்பேற்றுத் திறன் மீள்கிறது. வீரியம் குறைந்த முன்னேற்பாடுகளும் இப்போது உள்ளன. எந்த மருந்து, எவ்வளவு அளவு, எந்த வயது என்பவற்றைப் பொறுத்தே முடிவு அமையும். எனவே பொதுவாக அஞ்சுவதும் தவறு. பொதுவாக ஆறுதல் சொல்வதும் தவறு. தம் குழந்தைக்குரிய விடையை அவர்தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

காக்கும் வழிகள்

உயிரணுக்களைக் குளிரில் உறையவைத்துப் பின் மீட்கும் கலைக்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. 1949-இல் இங்கிலாந்தில், கிளிசராலைச் சேர்த்தால் விந்தணு உறைநிலையிலும் அழியாது என்று கண்டனர். 1978-இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய, உறையவைத்து மீட்ட கருவைத் தாயின் கருப்பையில் செலுத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று துர்கா என்னும் பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்து எழுபது நாள்களே ஆகியிருந்தன. வாழ்நாளில் ஏற்பைப் பெறாமல் ஏளனத்தையே பெற்ற அவர் 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிற்காலத்தில்தான் நாடு அவர் பணியை ஏற்றது. இன்று திரவ நைட்ரஜனில் சுழியத்துக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் அணுக்களும் திசுக்களும் பல ஆண்டுகள் கெடாமல் காக்கப்படுகின்றன.

பருவமடைந்த இளைஞனுக்குரிய வழி எளிது. ஏறத்தாழ பதின்மூன்று வயதுக்கு மேல் விந்தணு கிடைக்கக்கூடும். அதனை எடுத்து உறையவைக்க ஓரிரு நாள்கள் போதும், செலவும் குறைவு, அறுவை இல்லை. எல்லா வழிகளிலும் எளிதான இதுவே நாணத்தின் காரணமாக அதிகம் தவறவிடப்படுகிறது. தந்தையும் தாயும் அருகில் நிற்க, பதினைந்து வயதுச் சிறுவனிடம் இதனைக் கேட்டால் அவன் தலைகவிழ்ந்து மறுப்பான். பெற்றோர் வெளியே செல்ல, ஓர் ஆண் மருத்துவரோ செவிலியரோ தனியே, பழிப்பின்றி, தெளிவாக விளக்குவதே முறை.

பூப்பெய்திய பெண்ணுக்குக் கருமுட்டைகளை எடுத்து உறையவைக்கலாம். இதற்கு ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள்கள் ஊசி மருந்து செலுத்தி, முட்டைகளை முதிரச் செய்து, ஊசி வழியே எடுக்க வேண்டும். நோய் காத்திருக்கும் நிலையில் இருந்தால் மட்டுமே இது இயலும்.

பூப்பெய்தாத சிறுமிக்கு இன்று உள்ள வழி சினைப்பைத் திசுவைக் காப்பது ஒன்றே. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவையால் ஒரு சினைப்பையை அல்லது அதன் ஒரு பகுதியை எடுத்து, மெல்லிய பட்டைகளாக்கி உறையவைக்கின்றனர். நோய் தீர்ந்து வளர்ந்தபின் அப்பட்டைகளை மீண்டும் உடலில் பொருத்துகின்றனர். காத்திருக்க வேண்டிய நாள்கள் சிலவே. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2019-இல் இம்முறையைச் சோதனை நிலையிலிருந்து விலக்கி ஏற்புடைய சிகிச்சையாக அறிவித்தது.

பருவமடையாத சிறுவனுக்கு விதைப்பைத் திசுவை உறையவைக்கும் முயற்சி இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இவ்வழியில் ஒரு குரங்குக் குட்டி பிறந்ததாக 2019-இல் வெளியானது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் பெற்றோருக்கு இதனை உறுதி என விற்பது அறமன்று. நம்பிக்கை என்று கூறுவதே உண்மை.

மாதந்தோறும் செலுத்தும் ஒருவகைச் சுரப்பு ஊசி சினைப்பையை ‘உறங்க வைத்து’க் காக்கும் என்று சிலர் கூறுவர். சில புற்றுநோய்ச் சிகிச்சைகளில் அதற்கு ஓரளவு பயன் இருக்கலாம். குருத்தணு மாற்றுக்குரிய கடும் மருந்தின் முன் அதனையே அரணாக நம்புவதற்கு இல்லை.

விளைந்த விதைகள்

2004-இல் பெல்ஜியத்தில் மருத்துவர் ழாக் டொனே குழுவினர், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் உறையவைத்த சினைப்பைத் திசுவைப் பொருத்தி முதல் குழந்தை பிறக்கச் செய்தனர். இன்று உலகில் இவ்வழியில் பிறந்தோர் 200-க்கு மேற்பட்டோர். இவர்தம் தாய்மாருள் பெரும்பாலோர் திசுவை எடுத்தபோது வளர்ந்த பெண்கள். சிறுமியாக இருந்தபோது எடுத்த திசு பயன் தருமா என்ற ஐயம் நீடித்தது.

அதற்கு விடை இரு பெண்களின் வாழ்வில் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்து பெல்ஜியத்திற்குக் குடியேறிய ஒரு சிறுமிக்கு அரிவாள் அணு நோய். பதினான்கு வயது நிரம்பும் முன், மாதவிடாய் தொடங்காத நிலையில், பிரஸ்ஸல்ஸ் நகரில் அவள் சினைப்பை ஒன்று எடுத்து உறையவைக்கப்பட்டது. பின்பு உடன்பிறந்தானின் மஜ்ஜை அவளுக்குச் செலுத்தப்பட்டது. நோய் தீர்ந்தது, எஞ்சிய சினைப்பை செயலிழந்தது. பத்தாண்டுக்குப் பின் மருத்துவர் இசபெல் டெமீஸ்டர் குழுவினர் திசுவை மீண்டும் பொருத்தினர். 2014 நவம்பரில், 27 வயதில், அவர் ஆண்மகவைப் பெற்றார்.

இரண்டாமவர் துபாயைச் சேர்ந்தவர். அவர் நோய் தலசீமியா. 2001-இல், ஒன்பதே வயதில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அவர் சினைப்பை எடுக்கப்பட்டது. பின்னர் இலண்டனில் உடன்பிறந்தானின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. இருபதுகளின் தொடக்கத்திலேயே மாதவிடாய் நிற்கும் நிலை வந்தது. 2015-இல் டென்மார்க்கில் அத்திசு மீளப் பொருத்தப்பட்டது. 2016 டிசம்பரில், 24 வயதில், அவர் இலண்டனில் ஆண்மகவை ஈன்றார். ஒன்பது வயதுச் சிறுமிக்குத் தாய்மை என்றால் என்னவென்றே தெரிந்திராது. அவளுக்காக அன்றைக்கு எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

எச்சரிக்கைகள் மூன்று

முதலாவது, உயிரே முதன்மை. கடுமையான தொற்றோடும் இரத்தப் பெருக்கோடும் துன்புறும் குழந்தைக்கு, பிற்கால மகப்பேற்றுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பேதைமை. தட்டணு குறைந்த உடலில் அறுவை செய்வதும் இடர். தலசீமியா போன்ற நோய்களில் மாற்றுச் சிகிச்சை பல வாரங்களுக்கு முன்பே திட்டமிடப்படுவதால், எண்ணிப் பார்க்க அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது.

இரண்டாவது, இரத்தப் புற்றுநோயில் எடுத்த சினைப்பைத் திசுவிலேயே நோயணுக்கள் ஒளிந்திருக்கக்கூடும். அதனை மீண்டும் பொருத்தினால் தீர்ந்த நோயைத் திரும்ப அழைப்பதாகிவிடும். ஆகவே நோய் தணிந்த இடைவெளியில் திசுவை எடுப்பதும், பொருத்துமுன் நுணுகிச் சோதிப்பதும், சிலருக்குப் பொருத்தாமலே காத்திருப்பதும் நேரிடும். தலசீமியாவில் இவ்வச்சம் இல்லை.

மூன்றாவது, பலரும் அறியாதது. குருத்தணு மாற்றுக்குப்பின் நோயாளியின் இரத்தம் கொடையாளியின் இரத்தமாகிறது. ஆனால் அவர் கருமுட்டையும் விந்தணுவும் பழைய மரபணுவையே தாங்கி நிற்கின்றன. தலசீமியா தீர்ந்த பெண்ணின் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மரபணுவின் ஒரு படி சென்றே தீரும். கணவரும் அதனைத் தாங்குபவராயின் குழந்தைக்கு நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே மணத்திற்கு முன் வாழ்க்கைத் துணைவர் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது. மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தை மட்டும் சோதித்து ‘குறை ஏதும் இல்லை’ என முடிவு செய்வது ஏமாற்றத்தில் முடியும். அச்சோதனை காட்டுவது கொடையாளியின் நிலையையே. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் தலசீமியா பெருநோயுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. உறவுக்குள் மணம் புரியும் சிறு சமூகங்கள் இதில் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

அகிம்சை நோக்கில் ஓர் ஐயம்

கருவை உறையவைத்தால், பயன்படாமல் எஞ்சும் கருக்களின் கதி என்ன என்று அகிம்சை நெறியினர் கேட்பது இயல்பு. அவ்வையம் மதிக்கத்தக்கது. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். மணமாகாத சிறாருக்குக் கரு என்ற பேச்சே எழுவதில்லை. உறையவைப்பது அவர்தம் உடலின் முட்டையை, விந்தணுவை, அல்லது திசுவை. கண்ணையும் இரத்தத்தையும் காத்து வைப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு சிறிது. பிற்காலத்தில் கரு உருவாக்க வேண்டிய நிலை வந்தால், எத்தனை கருக்கள் உருவாக்குவது என்பதைத் தம்பதியர் தம் மனச்சான்றின்படி மருத்துவரிடம் வரையறுத்துக் கூறலாம். திசுவைப் பொருத்திய பெண்டிர் சிலர், கருக்குழாய்ச் சிகிச்சை ஏதுமின்றி இயல்பாகவே கருவுற்றதும் உண்டு.

சட்டமும் செலவும்

இந்தியாவில் செயற்கைமுறை இனப்பெருக்க உதவிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021 டிசம்பரில் நிறைவேறியது. இத்தகைய சேவை தரும் மையமும் சேமிப்பு வங்கியும் பதிவு பெற்றிருத்தல் கட்டாயம். சேவை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு உண்டு. கொடையாளியின் அணுக்களுக்கும் கருவுக்கும் பத்தாண்டுச் சேமிப்பு வரம்பும் உண்டு. பத்து வயதுச் சிறுமி தனக்காகச் சேமிக்கும் திசுவோ பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியது. ஆகவே எத்தனை ஆண்டு காப்பர், புதுப்பிப்பது எவ்வாறு, மையம் மூடப்பட்டால் திசு எங்கே செல்லும் என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் நன்று.

குருத்தணு மாற்றுக்குச் சில உதவிகள் உள்ளன. தலசீமியாச் சிறாருக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியுதவித் திட்டம் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேலூர் மருத்துவமனையும் அத்திட்டத்தில் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. மகப்பேற்றுத் திறன் காக்கும் செலவு எந்த உதவியில் அடங்கும் என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். அடங்காத இடத்தில் அறக்கட்டளைகளின் மருந்துத் தானம் பயன்படலாம். ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய சேமிப்புக் கட்டணம் சிறு தொகையே ஆயினும், ஏழைக் குடும்பம் மூன்றாம் ஆண்டில் அதனைச் செலுத்த மறந்துபோகும். கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதுபோல ஒரு குழந்தையின் கட்டணத்தை ஆண்டுதோறும் ஏற்பது உயர்ந்த தானமாகும்.

பணமின்றியும் ஒரு தானம் உண்டு. உடன்பிறந்தாருள் குருத்தணு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஏனையோர் அயலாரை நாட வேண்டும். சென்னையில் 2009-இல் தொடங்கிய ‘தாத்ரி’ போன்ற கொடையாளர் பதிவகத்தில், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துத் தரும் எளிய சோதனையால் இளைஞர் தம்மைப் பதிந்துகொள்ளலாம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

செஞ்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோர், அவள் பெற்றோர் மருத்துவர்முன் அமர்ந்திருக்கும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். கையில் பல பக்கப் படிவம். நெஞ்சில் ஒரே அச்சம்: குழந்தை பிழைப்பாளா? அந்நேரத்தில் அவளுடைய இருபத்தைந்தாம் வயதை எண்ணும் வலிமை அவர்க்கு இராது. மருத்துவரும் உயிர் காக்கும் கவலையில் இருப்பார். இருவர் மௌனத்துக்கும் நடுவே ஒரு வாழ்வின் பெரிய முடிவு சொல்லப்படாமலே முடிந்துவிடும். ஆகவே உறவினரோ நண்பரோ ஒருவர் உடன் சென்று இவ்வினாக்களைக் கேட்பாராக:

இச்சிகிச்சையால் மகப்பேற்றுத் திறன் குன்றும் வாய்ப்பு எவ்வளவு?

தீங்கு குறைந்த வேறு மருந்து முறை இந்நோய்க்குப் பொருந்துமா?

சிகிச்சை தொடங்க எத்தனை நாள்கள் உள்ளன? அதற்குள் எவ்வழி இயலும்?

மகப்பேற்று மருத்துவரிடம் இன்றே பரிந்துரைக் கடிதம் தர இயலுமா?

சேமிப்புக்கு உரியவர் யார்? குழந்தை பதினெட்டு வயதை எட்டியபின் அவ்வுரிமை அவளுக்கு மாறுமா? அவள் மறைந்தால் சேமிப்பு என்ன ஆகும்?

சிகிச்சைக்குப்பின் பூப்பு, எலும்பு வலிமை, சுரப்புகள் ஆகியவற்றை யார், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்பர்?

இறுதிக் கேள்வி மகப்பேற்றை விரும்பாதவர்க்கும் உரியது. சினைப்பை செயலிழந்த பெண்ணுக்கு உரிய காலத்தில் சுரப்பு மருந்து தராவிடில் எலும்பும் இதயமும் நலியும்.

இன்னொன்றும் உண்டு. குழந்தைக்கு அதன் வயதுக்கேற்ற சொற்களில் உண்மை சொல்லப்பட வேண்டும். மணப்பேச்சின்போது அதனை மறைப்பது இரு குடும்பங்களையும் புண்படுத்தும். மறைக்காமல் சொல்லும் துணிவு குடும்பத்திற்கு வர வேண்டுமாயின், கேட்போர் இழிவாக எண்ணாதிருக்க வேண்டும். அக்கடமை சமூகத்தினுடையது. காப்பு முயற்சி பலிக்காதவரும், வாய்ப்பே கிடைக்காதவரும் குறைந்தவர் அல்லர். தத்தெடுத்து வளர்ப்பதும் தாய்மையே. பிள்ளை இன்றி நிறைவாய் வாழ்வதும் வாழ்வே.

திருநாதர்குன்றின் பாடம்

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரரும் ஒரே பாறையில் வீற்றிருக்கின்றனர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உடல் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயரை அக்குன்றின் பழங்கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. அந்நோன்பின் பெருமை எதில் உள்ளது? உணவு கிட்டாமையில் அன்று. கிட்டியதைத் தாமே அறிந்து, தாமே தெளிந்து விட்டதில் உள்ளது. உணவில்லாதவனின் பசியை எவரும் நோன்பு என்று கூறுவதில்லை.

இல்லறம் ஏற்பதா, துறவறம் ஏற்பதா, மக்களைப் பெறுவதா, வேண்டாம் என விடுவதா என்பது வளர்ந்த மனிதர் ஒவ்வொருவரும் தாமே தெளிந்து கொள்ள வேண்டிய முடிவு. ஒன்பது வயதிலோ பதினைந்து வயதிலோ, எவரும் கேட்காமலும் எவரும் சொல்லாமலும், அம்முடிவை நோயும் மருந்தும் எடுத்துவிடுவது இழப்பே, துறவன்று. உறைகலத்தில் காக்கப்படும் சிறு திசு ஒரு குழந்தையை உறுதி செய்வதில்லை. அது காப்பது அக்குழந்தை வளர்ந்தபின் தானே முடிவெடுக்கும் உரிமையை.

விதைநெல்லை விதைப்பதும் விதைக்காததும் நிலத்துக்கு உரியவரின் விருப்பம். அதுவரை கோட்டை கட்டிக் காப்பது பெரியோர் கடன். மருத்துவமனை வாயிலில் கலங்கி நிற்கும் அடுத்த குடும்பத்தின் பக்கத்தில் நின்று, உரிய நேரத்தில் அந்த ஒரு கேள்வியை நினைவூட்ட இவ்வவையில் ஒருவர் முன்வந்தாலும், இம்மாலை பயனுடையதாகும்.

அறம் வளர்க, எல்லா உயிரும் இன்புறுக.